ரெண்டு மணிக்காரர்

அமாவாசையன்று மேட்டூரிலிருந்து கொளத்தூர், பாலாறு வழியாக மாதேஸ்வரன் மலைக்குப் போகும் பஸ்ஸில் இவர் கட்டாயம் இருப்பார். ரிட்டயர்டு ஆனவர். மகன் கலிபோர்னியாவில். பொழுது போகாமல் "மணி என்னங்க?" என்று கேட்டீர்களோ, தொலைந்தீர்கள்.

"எந்த ஊரு மணி?" என்பார். "நமக்கு ஒன்பதரைங்க. பையனுக்கு ராத்திரி ஒன்பது. அதுவும் நேத்து ராத்திரி. இப்பத்தான் சாப்பிட்டுட்டு மெஷின்ல பாத்திரம் அடுக்கிட்டிருப்பான்."

கோடையில் பன்னிரண்டரை மணி நேர வித்தியாசம். பகலை இரவாக்கி அரை மணி கழித்தால் வேலை முடிந்தது. நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமைதான் தலைவலி. அங்கே கடிகாரத்தை ஒரு மணி பின்னுக்கு இழுப்பார்கள். மார்ச் இரண்டாம் ஞாயிறு திரும்பவும் முன்னுக்குத் தள்ளுவார்கள். கூடத்துச் சுவரில் இவருக்கு ரெண்டு கடிகாரம். ஒன்றின் கீழே ஸ்கெட்ச் பேனாவில் 'பையன்'. நவம்பரில் ஸ்டூல் போட்டு ஏறி முள்ளைத் திருப்புவார். "அவன் ஊர்ல நேரம் மாறுனா நீங்க எதுக்கு ஏறறீங்க?" என்று கேட்டுக்கொண்டே வீட்டம்மா ஸ்டூலைப் பிடித்துக்கொள்வார்.

அமாவாசை விவகாரம் இன்னும் சிக்கல். சூரியனும் சந்திரனும் ஒன்று கூடும் நொடி உலகத்துக்கே ஒன்றுதான். அது நமக்குக் காலையில் வந்தால் கலிபோர்னியாவுக்கு முந்தின நாள் சாயங்காலமே வந்துவிடும். ஆகவே முதல் நாளே போன் போட்டு, "இன்னிக்கு முட்டை தொட்டுராதே" என்று எச்சரிப்பார். "சாப்பிட்டாச்சுப்பா" என்று பதில் வரும்.

பாலாற்றுப் பாலம் தாண்டியதும் செக்போஸ்ட். போர்டெல்லாம் கன்னடம், டீக்கடைப் பேச்சு மட்டும் தமிழ். இவருக்கு இங்கே ஒரு மனக்குறை உண்டு. "மாநிலமே மாறிப்போச்சு, மணி மாறலை பாருங்க. அங்கெல்லாம் நெவாடால இருந்து யூட்டாவுக்குள்ள கார் நுழைஞ்சா ஒரு மணி கூடிரும்."

பின் சீட்டுப் பெரியவர் ஒருவர் விடவில்லை. "என்னத்தைங்க மாறுச்சு? 1956 வரைக்கும் இதெல்லாம் எங்க கோயமுத்தூர் ஜில்லாங்க. கொள்ளேகால் தாலுக்கா. அப்புறந்தான் மைசூர்ப் பக்கம் போச்சு."

சட்டென்று ஊமையாகிவிட்டார் மனிதர். தோற்றுவிட்டார் என்றுதான் நினைப்பீர்கள். ரெண்டு வளைவு தாண்டியதும் முகம் மலர்ந்தது. "அப்படின்னா இது மெட்ராஸ் மாகாணம்! 1906ல இந்திய நேரம் வர்றதுக்கு முன்ன மெட்ராஸ் டைம்னு தனியா ஒண்ணு இருந்துச்சுங்க. இப்ப இருக்கறதைவிட ஒன்பது நிமிசம் பின்னாடி. அந்தக் கணக்குப்படி இங்க மணி..." வாட்சைப் பார்த்தார். "ஒன்பது அம்பத்தொண்ணு."

இனிமேல் அந்தச் சுவரில் மூன்றாவது ஆணி அடிக்காமல் இருக்க மாட்டார். வீட்டம்மாவை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது.

இத்தனை கணக்கும் மகன் போன் வரும்வரைதான். ஞாயிற்றுக்கிழமை காலை மணி அடித்ததும் பாய்ந்து எடுத்து, இவர் கேட்கும் முதல் கேள்வி: "அங்க இப்ப மணி என்னப்பா?"

சிவராத்திரிக்கு மலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அது பெரும்பாலும் மார்ச் இரண்டாம் ஞாயிற்றுக்கு முன்பே வந்துவிடும். அப்போது இவரிடம் அரை மணி கழித்துப் பேசி மாட்டிக்கொள்ளாதீர்கள்; ஒன்றரை மணி கழிக்க வேண்டும்.