சாவிக்கொத்து வைத்தியம்

வாரும் வாத்தியாரே, திண்ணையில இரும். நேத்து எட்டாங்கிளாஸ் பயலுக்கு வலிப்பு வந்துச்சாமே! பீரோ சாவி, பைக் சாவின்னு மொத்தக் கொத்தையும் அவன் கையில திணிச்சீராமே! பி.எட். படிச்சது வீணாப் போகலவே. எங்க பாட்டியும் இதைத்தான் செஞ்சா. அவ பள்ளிக்கூட வாசலையே மிதிக்காதவ.

"வலிப்பு நின்னுட்டுல்லா?"ங்கீரு. நிக்காம என்ன செய்யும்? பெரும்பாலும் ரெண்டு மூணு நிமிசத்துல அதுவே அடங்கிரும். நீரு கொத்தைத் தேடி எடுக்கதுக்கும் அது அடங்குததுக்கும் சரியாப் போச்சு. பேரு மட்டும் சாவிக்கு.

மறுக்கா வந்தா பயலை ஒருச்சாய்ச்சுப் படுக்க வையும், எச்சி வெளிய வடியட்டும். தலைக்கு அடியில துண்டை மடிச்சு வையும். வாயில கரண்டி, துணி, தண்ணி ஒண்ணும் கூடாது; பல்லு உடையும், மூச்சு அடைக்கும். நாலு பேர் சேந்து அமுக்க அவன் என்ன ஜல்லிக்கட்டுக் காளையா? கடியாரத்தைப் பாரும். பீரியடு எப்ப முடியும்னு பாத்துப் பழகின கண்ணுதானே! அஞ்சு நிமிசம் தாண்டினாலோ, முழிப்பு வராமலே அடுத்தது வந்தாலோ 108-ஐக் கூப்பிடும்.

அது பெஞ்சு ஆடுத வலிப்பு, உமக்கே தெரிஞ்சிரும். சத்தமில்லாத ஒண்ணும் இருக்கு. மூணாங்கிளாஸ் பிள்ளை எழுதிக்கிட்டே இருக்கும். சட்டுனு கண்ணு நிலைகுத்தும், இமை துடிக்கும். பத்து விநாடிதான். மறுபடி எழுத ஆரம்பிச்சிரும். இடையில நடந்தது அதுக்கே தெரியாது. ஒரு நாளைக்குப் பல தடவைகூட வரும். "எங்கட்டி பராக்கு பாக்க?"ன்னு நீரு சாக்பீஸ் எறிவீரு. குறி தப்பாது, நோய்தான் தப்பிரும். ரேங்க் கார்டுல "கவனமில்லை"ன்னு கிறுக்காம, கண்ணால பாத்ததை அவ அம்மாகிட்டச் சொல்லும். டாக்டரு ஈ.ஈ.ஜி. எடுத்துப் பாக்கட்டும்.

அப்புறம், பயலை விளையாட்டுலேந்து நிறுத்திட்டீராமே? 1992 உலகக் கோப்பையில பறந்துபோய் ஸ்டம்பைச் சாய்ச்சானே ஜான்டி ரோட்ஸ், அவனுக்கும் வலிப்பு உண்டு. உம்ம பி.டி. சார் கையில கிடைச்சிருந்தா ஸ்கோர் எழுத உக்கார வச்சிருப்பாரு! கிணத்துல நீந்தும்போது மட்டும் பக்கத்துல ஆள் நிக்கட்டும்.

பெத்தவன் சொல்லாம மறைச்சுட்டான்னு கோவப்படுதீரு. உலகத்துல சுமார் 5 கோடிப் பேருக்கு இருக்கு. சரியான வைத்தியம் கிடைச்சா 100-ல 70 பேர் வலிப்பே வராம இருக்கலாம். இருந்தும் ஏன் மறைக்கான்? 1999 வரைக்கும் இந்து திருமணச் சட்டமே வலிப்பைக் காட்டிக் கல்யாணத்துக்குக் குறுக்க நின்னுச்சு. சட்டம் திருந்திட்டு. ஸ்டாஃப் ரூம் திருந்துனதா எனக்குத் தகவல் இல்ல.

நாளைக்குப் பய வந்தா தனியா ஓரத்துல உக்கார வைக்காதேயும். ஒட்டுத நோயில்லன்னு மத்த பிள்ளைகளுக்கு நீரே சொல்லும். மாத்திரை எந்நேரம்னு அவன் அம்மாகிட்டக் கேட்டு வச்சிக்கிடும்.