ஆர்க்கிடெக்ட் ஓட்டுக் கேட்கிறார்

ஆறு மாதமாக நம் போனை எடுக்காத ஆர்க்கிடெக்ட் ஒருவர் காலை ஏழரைக்கே அழைத்து, "சார், டிபன் ஆச்சா? அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலையா?" என்று விசாரித்தால், சங்கத் தேர்தலுக்குத் தேதி குறித்துவிட்டார்கள் என்று பொருள்.

அதிகம் பேசாத மனிதர் அவர். கறுப்புச் சட்டை, லெ கொர்பூசியே போட்ட மாதிரி வட்டக் கண்ணாடி. ஏதாவது கேட்டால் ட்ரேசிங் பேப்பரில் ஒரு கோடு இழுத்துக் காட்டுவார், அதுதான் பதில். வேட்புமனுவில் கையெழுத்துப் போட்ட கையோடு அவர் வெள்ளைச் சட்டைக்கு மாறிவிடுகிறார். எதிரே வருபவர் ஜூனியரா, ஜூனியருக்கு ஜூனியரா என்று பாராமல் ஒரு கும்பிடு.

பாவம், அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ஆர்க்கிடெக்ட் தன் தொழிலை விளம்பரம் செய்யக் கூடாது என்கின்றன 1989-ஆம் ஆண்டுத் தொழில்நெறி விதிகள். தான் வடிவமைத்த கட்டடத்தில் பெயர் போட்டுக்கொள்ளலாம். ஆனால் எழுத்தின் உயரம் 10 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. நாலு மாடி எழுப்பியவர் வாட்ச்மேன் நாற்காலிக்குப் பின்னால் அரைச் சாண் எழுத்தில் ஒடுங்கிக் கிடக்க வேண்டும். இத்தனை வருஷம் அடக்கி வைத்த ஆசை எங்காவது உடைத்துக்கொண்டு வரத்தானே செய்யும்?

போஸ்டராக வருகிறது. "செட்பேக் விடாமக் கட்டினா காத்து எங்கேருந்து சார் வரும்?" என்று கிளையன்ட்டோடு மல்லுக்கட்டுகிறவர், தன் வாட்ஸ்அப் போஸ்டரில் ஓரம் ஒரு மில்லிமீட்டர்கூட விடவில்லை. பாதி முகம். மீதியில் பட்டங்கள், கேடயங்கள், போய்வந்த நாடுகள். சிஎம்டிஏவுக்கு அனுப்பியிருந்தால் எஃப்எஸ்ஐ மீறல் என்று அன்றே திருப்பியிருப்பார்கள். பயிற்சிக்கு வந்த பெண் அதைப் பதினான்காவது முறையாகத் திருத்திக்கொண்டிருந்தாள்.

"சார், அண்ணா நகர் கிளையன்ட் மாடிப்படி டிராயிங் கேக்கறார்."

"அது கெடக்கட்டும்மா. பின்னாடி அந்தக் கோபுரத்தை எடுத்துடு. நானே தெரியலை."

டைல்ஸ் கம்பெனி உபயத்தில் ஓட்டல் விருந்து. மைக்கைப் பிடித்தார் என்றால், பம்பாய் ஜே.ஜே. கலைப்பள்ளியின் முன்னாள் மாணவர்கள் 1917-இல் சங்கம் கூட்டியதிலிருந்து ஆரம்பிப்பார். 1972 ஆர்க்கிடெக்ட் சட்டத்துக்கு வந்து சேர்வதற்குள் பன்னீர் டிக்கா தீர்ந்துவிடும். கட்டணத்தைக் குறைத்து வேலை பிடிக்கும் ஈனப் பழக்கத்தை ஒழிப்பேன் என்பார். போன மாதம் ஒரு கல்யாண மண்டப வேலை எதிர் வேட்பாளரிடமிருந்து இவர் கைக்கு எப்படி வந்தது என்று விருந்துக்கு வந்த எல்லோருக்கும் தெரியும். பிறகு குரலை உயர்த்தி, ஆர்க்கிடெக்ட் அல்லாதவர் இனி இந்தத் தொழிலில் கைவைக்க முடியாது என்பார். சட்டம் காப்பது ஆர்க்கிடெக்ட் என்ற பட்டத்தைத்தான், தொழிலை அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் தீர்ப்பே சொல்லிவிட்டது. அது அவருக்கும் தெரியும், கைதட்டுகிறவர்களுக்கும் தெரியும். இருந்தாலும் அன்றைக்குப் பலத்த கைதட்டல் அதற்குத்தான்.

கடைசி வாக்குறுதி, சங்க ஹாலின் ஒழுக்கு. இதற்கு முன்னால் நின்றவர்களும் தந்ததுதான். மழைக்காலத்தில் மேடைக்கு இடப்பக்கம் ஒரு பிளாஸ்டிக் பக்கெட் நிரந்தர உறுப்பினராக உட்கார்ந்திருக்கும். எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் அத்தனை பேரும் ஊராருக்குக் கூரை போட்டுக் கொடுத்துப் பிழைப்பவர்கள்.

ஜெயித்துவிட்டார். சொன்ன சொல் தவறாமல் முதல் செயற்குழுவிலேயே ஒழுக்கைக் கையில் எடுத்தார். ஐவர் குழு அமைத்தார். ஒருவர் தட்டோடு பதிக்க வேண்டும் என்றார். ஒருவர் பழையபடி சுண்ணாம்புதான் என்றார். மொட்டை மாடியில் தோட்டம் போடலாம் என்றார் மூன்றாமவர். மொத்தமாக இடித்துவிட்டுப் புதிய ஹாலுக்கு டிசைன் போட்டி வைத்தால் என்ன என்று இன்னொருவர் கேட்டதும் எல்லோர் முகத்திலும் பிரகாசம். ஐந்தாமவர் அப்போதே பேப்பரை எடுத்துக் கிறுக்க ஆரம்பித்துவிட்டார்.

"தலைவரே, நம்ம கொத்தனார் ஒருத்தரைக் கூப்பிட்டா அரை நாள் வேலைதானே?" என்று கேட்டுவைத்தேன்.

தலைவர் வட்டக் கண்ணாடியைக் கழற்றினார்.

"என்ன சார் பேசறீங்க! ஆர்க்கிடெக்ட் அல்லாதவரையா?"