குழியில் இறங்கிய காரும் ‘ஒண்ணும் ஆகல’ என்னும் தீர்ப்பும்: ஓர் ஆய்வு

1. ஆய்வின் தேவை

தலைவி ஊடியது பற்றி அலமாரி அலமாரியாக ஆய்வேடுகள் உள்ளன. தலைவன் வந்த தேரையும் விட்டுவைக்கவில்லை. அதன் கொடி, மணி, குதிரையின் பிடரி என்று எல்லாவற்றையும் யாராவது ஒருவர் எடுத்துக்கொண்டிருப்பார். ஆனால் கார் ஒன்று குழியில் ‘டம்’மென்று இறங்கி ஏறியபின், அதன் உரிமையாளர் கீழே இறங்கி, டயரைப் பார்த்து, காலால் ஓர் உதை உதைத்து, “ஒண்ணும் ஆகல” என்று அறிவித்துவிட்டு மறுபடி ஏறிக்கொள்கிறாரே, அந்தச் செயல் கேட்பாரற்றுக் கிடக்கிறது. மழைக்காலத்தில் நாள்தோறும் நடக்கும் ஒரு சடங்கை இப்படிக் கைவிட்டது ஆய்வுலகத்துக்கே இழுக்கு.

இவ்வாய்வின் கருதுகோள் ஒன்றே. குழியில் விழுந்த காரைச் சோதிப்பவர் சேதத்தைத் தேடுவதில்லை. சேதமில்லை என்ற ஆறுதலைத் தேடுகிறார். ஆகவே சேதம் இருக்கக்கூடிய இடங்களை அவர் கண் தானாகவே தவிர்த்துவிடுகிறது.

ஆய்வின் எல்லை நான்கு சக்கர வாகனங்களோடு நிற்கிறது. இருசக்கர வாகனத்தில் வந்தவர் குழிக்குப் பிறகு முதலில் சோதிக்க வேண்டியது தம்மைத்தான். அது மருத்துவத் துறையின் பாற்படும்.

2. முன்னோர் செய்தவை

‘என்ப’ (என்று சொல்வர்) என முன்னோர் தலையில் பாரத்தைக் கட்டிவிட இத்துறையில் வழியில்லை. மரச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போட்டு ஓட்டிய காலத்தில் குழி இருந்தது, சக்கரம் இருந்தது. ஆனால் டயரின் பக்கம் வீங்கும் புடைப்பு என்னும் நோய் இல்லை. புடைக்கக் காற்று வேண்டும். காற்றடைத்த சக்கரத்துக்கு 1845-இல் ஸ்காட்லாந்துக்காரர் ராபர்ட் வில்லியம் தாம்சன் காப்புரிமை கேட்டார், உலகம் கண்டுகொள்ளவில்லை. 1887-88-இல் பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவம் பார்த்துவந்த ஜான் பாய்ட் டன்லப், தம் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்காக அதையே மறுபடி கண்டுபிடித்தார், உலகம் பிடித்துக்கொண்டது. அன்றே பஞ்சர் கடைக்கும் அடித்தளம் அமைந்தது.

1946-இல் மிஷெலின் நிறுவனம் ரேடியல் டயருக்குக் காப்புரிமை பெற்றது. இதில் உடல் நூல்கள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேர்குறுக்காக ஓடுகின்றன. தரையில் படும் பகுதிக்கு அடியில் இரும்புக்கம்பிப் பட்டைகள் காவல் இருக்கின்றன. பக்கச்சுவருக்கோ நூலும் ரப்பரும் தவிர நாதியில்லை. வண்டி மெத்தென்று போவது அந்தச் சுவர் வளைந்து கொடுப்பதால்தான். குழி கடிப்பதும் அதே சுவரைத்தான்.

3. களமும் காலமும்

ஆய்வுக் களம் சென்னை. காலம், வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை. குழி வானத்திலிருந்து விழுவதில்லை, தண்ணீர் தோண்டுகிறது. தாரில் விழுந்த விரிசல் வழியே நீர் இறங்கி, ஜல்லியிலிருந்து தாரை உரித்து, அடித்தளத்தை இளக்குகிறது. மேலே போகும் ஒவ்வொரு பேருந்தும் அந்த நீரை அழுத்திப் பீய்ச்ச, பொடி வெளியேறுகிறது, ஜல்லி பெயர்கிறது. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ரா. வாசுதேவன் சூடான ஜல்லிமேல் கழிவு பிளாஸ்டிக்கைப் பூசித் தாரோடு சேர்க்கும் முறையைக் கண்டார், அது இந்த உரிதலைக் குறைக்கும். அதற்காக 2018-இல் பத்மஸ்ரீ பெற்றார். ஜல்லிக்குச் சட்டை போட்டவருக்கு விருது கிடைத்துவிட்டது. சட்டையில்லாத ஜல்லிதான் நம் தெருவில் மிகுதி.

களத்தில் கண்ட குழிகள் நால்வகைப்படும். தூரத்திலேயே தெரிந்து, விலக இடமில்லாததால் விழ நேர்வது வெளிப்படைக் குழி. மழைநீர் நிரம்பிச் சாலை மட்டத்தோடு சமமாகி நிற்பது மறைகுழி. கேபிளுக்கோ குழாய்க்கோ வெட்டி, மூடி, மூடியது உள்வாங்கியது வெட்டுக்குழி. சாலைமேல் சாலை போட்டு உயர்த்தியபோது பழைய உயரத்திலேயே தங்கிவிட்ட பாதாளச் சாக்கடை மூடி நான்காவது. நால்வகையிலும் கொடியது மறைகுழி; அதன் ஆழம் விழுந்தவருக்கு மட்டுமே தெரியும்.

4. மோதலின் இயற்பியல்

“வேகமாப் போனா குழி தெரியாது” என்பது ஓட்டுநரிடையே வழங்கும் பழங்கொள்கை. இதைக் கணக்கிட்டுப் பார்த்தோம். 60 செ.மீ. நீளக் குழியை மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் கடக்க ஆகும் நேரம் 0.036 நொடி. அந்நேரத்தில் புவியீர்ப்பால் மட்டும் ஒரு பொருள் விழும் தூரம் ஆறு மில்லிமீட்டர் சொச்சம். கொள்கை வென்றது போலத் தோன்றும். ஆனால் சக்கரத்தின் தலைமேல் சுருள்வில் ஒன்று ஏறக்குறைய 300 கிலோவைச் சுமந்தபடி அமுங்கியிருக்கிறது. சக்கரமும் அதைச் சார்ந்தவையும் சேர்ந்து 30, 40 கிலோதான். கீழே தரை இல்லை என்று தெரிந்த கணத்தில் வில் சக்கரத்தைக் குழிக்குள் உதைத்துத் தள்ளுகிறது. சக்கரம் விழுவதில்லை, அனுப்பப்படுகிறது. அப்புறம் குழியின் எதிர்க்கரை வருகிறது. மோதலின் ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுவதால், 30-இல் வாங்கும் அடியைப் போல நான்கு மடங்கு வரை 60-இல் வாங்கவேண்டியிருக்கும். குழி தெரியாது என்பது உண்மைதான், பில் தெரியும்.

குழிக்கு நடுவில் பிரேக்கை அழுத்திப் பிடிப்பதும் தவறே. பிரேக் பிடித்தால் கார் மூக்குக் குத்தும். முன்பக்க வில் முன்கூட்டியே அமுங்கிவிட, அடியை வாங்க இடமில்லாமல் போகும். குழிக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, விளிம்பில் பிரேக்கை விட்டு, சக்கரத்தை உருளவிடுவதே முறை.

கரைக்கும் ரிம்முக்கும் இடையில் இருப்பது டயரின் பக்கச்சுவர் மட்டுமே. 185/65 R15 என்று டயரில் எழுதியிருந்தால் அகலம் 185 மி.மீ., சுவரின் உயரம் அதில் 65 விழுக்காடு, அதாவது 120 மி.மீ. 215/45 R17 என்றால் 97 மி.மீ.தான். பெரிய ரிம்மும் மெல்லிய டயரும் போட்டுக் காரை அழகுபடுத்துவோர், குழிக்கும் ரிம்முக்கும் இருந்த இடைவெளியைக் காசு கொடுத்துக் குறைத்துக்கொள்கிறார்கள். காற்றும் குறைவாக இருந்தால் சுவர் கரைக்கும் ரிம்முக்கும் நடுவே நசுங்கி, உள்நூல்கள் அறுகின்றன. வெளியே கீறல்கூட இருக்காது.

5. ஒலியியல்

விழுந்த கணத்தில் எழும் ஒலி முதல் சான்று. ‘டொப்’ என்றால் டயரே அடியை விழுங்கிவிட்டது. ‘டம்’ என்றால் சஸ்பென்ஷன் வரைக்கும் போயிருக்கிறது. ‘டங்’ என்று இரும்புச் சத்தம் கேட்டால் கரை டயரைத் தாண்டி ரிம்மைத் தொட்டிருக்கலாம். ‘கடக்’ என்பது குழியில் கேட்காது. அடுத்த வேகத்தடையில் கேட்கும். சஸ்பென்ஷனின் லிங்க் ராடோ, லோயர் ஆர்ம் புஷ்ஷோ, பால் ஜாயின்ட்டோ பேசுகிறது என்று கொள்க.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ‘டங்’ என்று கேட்டதை உரிமையாளர் பிற்பாடு ‘டொப்’ என்றே நினைவுகூர்கிறார். பின்சீட்டில் இருந்தவரின் சாட்சியமே நம்பத்தக்கது. அவருக்குத் தவணை கட்டும் கவலை இல்லை.

6. சோதிப்போரின் மரபுகள்

முதல் மரபினர் இறங்காதோர். ஸ்டியரிங் திரும்புகிறது, கார் நகர்கிறது, ஆகவே நலம் என்பது இவர்கள் வாதம். பாட்டின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டுவதே இவர்கள் செய்யும் சோதனை.

இரண்டாம் மரபினர் எட்டிப் பார்ப்போர். கதவைத் திறந்து, தலையைச் சாய்த்து, வலப்பக்க முன் சக்கரத்தைப் பார்ப்பார்கள். சாலையின் நடு உயர்ந்து ஓரம் சரிந்திருப்பதால் தண்ணீர் ஓரத்தில்தான் தேங்குகிறது. குழியும் அங்கேதான் மிகுதி. இடப்பக்கம் செல்லும் நம் நாட்டில் பெரும்பாலும் அடிபடுவது இடப்பக்கச் சக்கரம். அடிபடாத சக்கரத்தைப் பார்த்து, அடிபடவில்லை என்ற சரியான முடிவுக்கு வருகிறார்கள்.

மூன்றாம் மரபினர் வலம் வருவோர். நான்கு சக்கரங்களையும் முறையாகத் தரிசித்து ஏறிக்கொள்வார்கள். ஆனால் டயருக்கும் ரிம்முக்கும் உட்பக்கம் என்று ஒன்று உண்டு. அடி அங்கே விழுவதும் உண்டு. தரிசனம் வெளிப்பிராகாரத்தோடு முடிந்துவிடுகிறது.

நான்காம் மரபினர் உதைப்போர். இவர்களே பெரும்பான்மை. டயரில் 33 பிஎஸ்ஐ காற்று இருந்தாலும் 23 இருந்தாலும் செருப்புக் காலுக்கு ஒன்றுபோலவே படும். ரேடியல் டயர் சரியான காற்றிலும் அடியில் கொஞ்சம் பிதுங்கித்தான் நிற்கும் என்பதால் கண்ணும் உதவாது. உதையால் டயரைப் பற்றி எதுவும் தெரியவருவதில்லை. எனினும் உதைத்தவர் முகம் தெளிவடைவதால் இதை வழிபாட்டு முறைகளுள் சேர்ப்பதே பொருந்தும்.

7. செய்யத்தக்க முறை

குழியருகிலேயே நிற்கக் கூடாது. சமதரையான ஓரத்தில் நிறுத்தி, ஹஸார்டு விளக்கைப் போட்டு, கை பிரேக்கை இழுத்துவிட்டு இறங்குக. ஸ்டியரிங்கை ஒருபக்கமாக முழுக்கத் திருப்பிவைத்தால் முன் சக்கரத்தின் உட்பக்கம் வெளியே தெரியும். பிறகு மறுபக்கம் திருப்புக. செல்போன் டார்ச் போதும். கம்பி நீட்டிக்கொண்டிருக்கவில்லை என்று பார்த்தபின் பக்கச்சுவரை உள்ளங்கையால் தடவுக.

கையில் புடைப்பு தட்டுப்பட்டால் அது குடலிறக்கம் போன்றது: சுவரில் நூல் அறுந்த இடம் பார்த்துக் காற்று பிதுங்குகிறது. சிறு பள்ளக்கோடு தட்டுப்பட்டால் அஞ்ச வேண்டாம். நூலடுக்கின் இரு முனைகள் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிய இடம் அப்படித்தான் இருக்கும். புடைப்புக்கு வைத்தியம் இல்லை. பக்கச்சுவரில் பஞ்சர் ஒட்டவும் கூடாது. டயரை மாற்றவேண்டும், ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்பது அப்போதுதான் நினைவுக்கு வரும்.

ரிம்மின் விளிம்பு மடங்கியிருக்கிறதா என்று வெளியிலும் உள்ளிலும் பார்க்கவேண்டும். இரும்பு ரிம் வளையும். கொஞ்சமாக இருந்தால் தட்டி நிமிர்த்தலாம். அலாய் வளையவும் செய்யும், விரிசலும் விடும். முடிக்கோடு போன்ற அவ்விரிசல் பெரும்பாலும் உட்பக்கத்தில் இருக்கும். வெல்டிங் வைத்து ஓட்டலாம் என்பாரும் உளர். அவர்கள் அந்தக் காரில் வருவதில்லை.

காற்றை அன்றே அளந்து, மறுநாள் காலை வண்டி எடுக்குமுன் மீண்டும் அளக்கவேண்டும். ஓடிச் சூடேறிய டயர் உள்ளதைக் கூட்டிச் சொல்லும். சரியான அளவு பெரும்பாலான கார்களில் ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கிறது. இரவில் காற்று இறங்கியிருந்தால் ரிம்மும் டயரும் சேரும் இடத்திலும் வால்விலும் சோப்புத் தண்ணீர் விட்டால் குமிழி சொல்லிவிடும்.

கடைசியாக நல்ல சாலையில் ஓட்டிப் பார்க்கவேண்டும். 80 கி.மீ. வாக்கில் ஸ்டியரிங் நடுங்கினால் பேலன்சிங் வெயிட் தெறித்திருக்கலாம், அல்லது ரிம் பெண்டு. வண்டி ஒருபக்கம் இழுத்தாலோ, நேராகப் போகும்போது ஸ்டியரிங் கோணி நின்றாலோ அலைன்மென்ட் போயிருக்கிறது. பேலன்சிங் எந்திரத்தில் மாட்டிச் சுற்றினால், கடைக்காரர் வாய் திறக்குமுன் சக்கரமே ஆடிக்காட்டிவிடும்.

8. தடையும் விடையும்

தடை: குழியில் விழுந்து ஒரு வாரமாக ஓடுகிறதே, பிறகென்ன? விடை: புடைத்த டயர் தெருவில் வெடிப்பதற்கு அவசரப்படாது. வேகமும் வெயிலும் சுமையும் கூடும் நெடுஞ்சாலைக்காகக் காத்திருக்கும்.

தடை: புடைத்ததைப் பின்னால் மாற்றிப் போட்டுக்கொள்ளலாமே? விடை: பின் டயர் வெடித்தால் வண்டியின் வால் சுழலும், அதை அடக்குவது முன் டயர் வெடித்ததைவிடக் கடினம்.

தடை: இன்ஷூரன்ஸ் எதற்கு இருக்கிறது? விடை: வழக்கமான முழுக்காப்பீட்டில், விபத்தில் டயர் மட்டும் சேதமானால் பணம் இல்லை. வண்டியும் சேர்ந்து சேதமானால் டயருக்குப் பாதி விலை உண்டு. டயர் தனியே துன்புறுவதைக் காப்பீட்டுத் தத்துவம் ஏற்பதில்லை. காரோடு சேர்ந்து துன்புற்றால் பாதி மட்டும் ஏற்கும். முழுதாக ஏற்கவேண்டுமானால் தனியாக டயர் காப்பு எடுத்திருக்க வேண்டும்.

9. முடிவுகளும் மேலாய்வும்

கருதுகோள் மெய்ப்பிக்கப்பட்டது. “ஒண்ணும் ஆகல” என்பது சோதனையின் முடிவன்று. சோதனைக்கு முன்பே எழுதி வைக்கப்பட்ட தீர்ப்பு. வலம் வருவதும் உதைப்பதும் தீர்ப்பை வாசிக்கும் முறைகள். தீர்ப்பை மறுநாள் காலைக் காற்றளவு வரை ஒத்திவைப்பது ஒன்றே இவ்வாய்வின் பரிந்துரை.

மேலும் ஆராயத்தக்க பொருள் ஒன்று எஞ்சியிருக்கிறது. முன்சீட்டில் இருப்பவர் குழியைக் கண்ட நேரத்துக்கும் “பாத்துப் போகக்கூடாதா?” என்று சொன்ன நேரத்துக்கும் இடையிலுள்ள கால அளவு. இவ்வறிவுரை எப்போதும் குழிக்குப் பின்னரே வந்து சேர்வதன் காரணம் இன்னும் விளங்கவில்லை. ஆய்வாளரும் தகவலாளரும் ஒரே வீட்டில் வசித்தால் தரவுக்குப் பஞ்சமிராது. நெறியாளர் மட்டும் வேறு காரில் வருவது நலம்.