வாயடைக்கப்பட்டவர்

மாலை மூன்று மணிக்கு ஆரம்பித்து ஆறு மணி வரை, வாரத்தில் ஐந்து நாளும், 50,000 வாட் சக்தியுள்ள அமெரிக்க ஏ.எம். வானொலி நிலையம் ஒன்றின் வழியாக நாலைந்து மாகாணங்களுக்குக் கேட்கும்படி கர்ஜிக்கின்ற அந்த மகானுபாவரை யாரோ பேசவிடாமல் தடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். இதை அவரே தினமும் சொல்கிறார். “இதைச் சொன்னால் நாளைக்கு நான் இந்த நாற்காலியில் இருக்கமாட்டேன்” என்று அவர் தொண்டையைக் கனைத்த முதல் நாள், நியூ ஜெர்சி நெடுஞ்சாலையில், சக உத்தியோகஸ்தர் ஒருவருடைய காரில் வீடு திரும்பிக்கொண்டிருந்த நான், பாவம், பிள்ளைகுட்டிக்காரர் ஆயிற்றே என்று மெய்யாகவே பதறிப்போனேன். மறுநாளும் அவர் அதே நாற்காலியில்தான் இருந்தார்.

மாறுபட்ட அபிப்பிராயங்களுக்கும் இடந்தர வேண்டும் என்று வானொலி நிலையங்களுக்கு 1949 முதல் இருந்துவந்த விதியை அந்நாட்டுத் தகவல்தொடர்பு ஆணையம் 1987-இல் கைவிட்டது. மறு வருஷமே ரஷ் லிம்பா நாடு தழுவிய தம் நிகழ்ச்சியைத் தொடங்கி இந்தக் கர்ஜனை வம்சத்துக்கு மூலபுருஷரானார். ஆக, வாயைத் திறந்துவிட்டதே சர்க்கார்தான். அதே சர்க்கார் வாயை அடைக்கப் பார்க்கிறது என்பதே இவர்களுடைய பிரதான புகார்.

உண்மையில், வாயடைக்கும் சாதனம் அந்த ஸ்டூடியோவில் ஒன்று உண்டு. தொலைபேசியில் வரும் நேயரின் பேச்சு சில விநாடி தாமதித்தே ஒலிபரப்பாகும். வேண்டாததை அதற்குள் வெட்டி எறிய ஒரு பொத்தான் இருக்கிறது. அது இவருடைய விரலடியில்தான் இருக்கிறது. பென்ஸில்வேனியாவிலிருந்து ஒரு கிழவர், “ஐயா, உங்களை இருபது வருஷமாகக் கேட்கிறேன், நீங்கள் சொல்வதெல்லாம் சரி, ஆனால்...” என்பார். அந்த ‘ஆனால்’ என்ற சொல்லைத் தாண்டி உயிரோடு போன நேயர் எவரையும் நான் அறியேன். இணைப்பு அறுந்த பிறகு, இல்லாத அந்தக் கிழவரோடு எட்டு நிமிஷம் தர்க்கம் செய்து, “பார்த்தீர்களா, பதில் சொல்ல வாயில்லை!” என்று வெற்றிமுரசு கொட்டிவிட்டு, நாகரிகமே அஸ்தமித்துவிட்டது என்று பிரகடனம் செய்த அதே மூச்சில், முதுகுவலிக்கு உகந்த மெத்தை ஒன்றின் மகிமையைப் பாட ஆரம்பிப்பார்.

குரலை மட்டும் குறை சொல்ல முடியாது. நாளெல்லாம் லாரி ஓட்டுகிறவனுக்கும், ஒண்டிக்கட்டையாய்ச் சமையலறையில் உட்கார்ந்திருக்கும் முதியவளுக்கும் அது பெரிய துணை. மழைநாளில் எனக்குங்கூட அது ஒருவிதக் கதகதப்பாகவே இருந்தது. என் ஆற்றாமையெல்லாம் காரின் சொந்தக்காரர்மேல்தான். நான் வாயைத் திறந்தால் அவர் வானொலியின் சத்தத்தைக் கூட்டுவார்.

ஒரு மார்ச் மாதம் மகானுபாவருக்கு நிஜமாகவே தொண்டை கட்டிக்கொண்டது. பதிலுக்கு வந்தவர் சாதுவாகப் பேசினார். “முடித்துவிட்டார்கள், பார்த்தீர்களா!” என்று ஸ்டியரிங்கில் ஒரு குத்து விட்டு, நண்பர் வானொலியை நிறுத்திவிட்டார். பத்து மைல் தூரம் ஒரே நிசப்தம். பிறகு, இரண்டு வருஷத்தில் முதன்முறையாக, “ஆமாம், உங்களுக்கு எந்த ஊர்?” என்றார்.

“லால்குடி” என்று ஆரம்பித்தேன். அது எங்கே இருக்கிறது என்று நான் சொல்வதற்குள், ஒருவேளை பழையவர் வந்திருப்பாரோ என்ற நப்பாசையில், அவருடைய கை மறுபடியும் வானொலிக்குப் போய்விட்டது.