குதிரை இல்லாத சித்திரம்

சென்னையில் 1840-இல் சிம்ப்சன் கம்பெனி தோன்றிச் சாரட்டு கட்டிய காலத்தில், லண்டனிலும் பாரிஸிலும் தீட்டப்பட்ட சொகுசு வண்டிப் படங்களைக் காணுந்தோறும் எனக்குப் பக்தி மேலிடுகிறது. வளைந்த எஃகு விற்கள், பட்டு மெத்தை, பித்தளை விளக்கு, கதவில் குலச்சின்னம் என எதுவும் குறையாத அச்சித்திரங்களில், கொள்ளு தின்று லத்தியிடும் குதிரையையும், கூலி கேட்கும் வண்டிக்காரனையும், குண்டும் குழியுமான வீதியையும் பெரும்பாலும் விட்டுவிட்ட ஞானத்தை என்னென்பது!

திருவண்ணாமலையிலும் இந்த சாஸ்திரத்தையே அனுசரித்து, தீபத் திருவிழா ஏற்பாட்டு வரைபடங்களிலிருந்து ஜனங்களை அடியோடு நீக்கிவிட்டால், 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் நெரிசல் என்ற பேச்சுக்கே இடமிராது. குப்பை இராது, குடிநீர்த் தொட்டியும் வேண்டியதில்லை, அதிகாரிகளும் நிம்மதியாக உறங்கலாம்.

ஓர் அற்ப இடையூறு உண்டு. ஏழாம் நாள் மகாரதத்தை வடம் பிடித்து இழுப்பவர்கள் அந்த ஜனங்கள்தாம்.