எரிந்தால் யாருடையது?

எங்கள் மேற்கு மாம்பலம் போர்ஷனில் சுவர் வீட்டுக்காரருடையது. அதில் ஆணி அடிக்கும் உரிமையும் அவருடையதே. ஆகவே தீப்பிடித்தால் கவலைப்பட வேண்டியவர் அவர். அட்வான்ஸ் திரும்பி வருமா என்ற கவலை மட்டும் எனக்கு.

இந்த நிம்மதியைக் கெடுக்க ஒரு இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் வந்து சேர்ந்தார்.

"ஓனர் பாலிசி எடுத்திருந்தாலும் அது கட்டடத்துக்குத்தான் சார். உங்க பீரோ எரிஞ்சா நீங்கதான் பார்த்துக்கணும்" என்றார். ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்று ஒரு பாலிசி. 2021 ஏப்ரலில் வந்தது. எந்தக் கம்பெனியில் வாங்கினாலும் அடிப்படை நிபந்தனைகள் ஒன்றுதான். குடியிருப்பவர் சாமான்களுக்கு மட்டும் எடுத்துக்கொள்ளலாம். தீ, மின்னல், வெள்ளம் எல்லாம் அடக்கம்.

"சாமான் மதிப்பு சொல்லுங்க."

பரணில் டிரங்குப் பெட்டி நிறைய இருக்கும் என் அச்சேறாத நாவலிலிருந்து தொடங்கினேன். அவர் தாளைப் புரட்டினார். கையெழுத்துப் பிரதிகளுக்கு இழப்பீடு கிடையாதாம். பத்திரிகை ஆசிரியர்கள் காலமெல்லாம் சொல்லிவந்ததை நிபந்தனையாகவே அச்சடித்துவிட்டார்கள்.

"பருப்பு டப்பால வெச்சிருக்கற பணம்?" என்றாள் மனைவி.

"நோட்டு, சில்லறை எதுவும் சேராதும்மா."

எந்த டப்பா, எவ்வளவு என்று நான் கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை. நகைக்குத் தனியாக எடுக்க வேண்டுமாம். எங்கள் நகைகளை அடகு பிடித்த வங்கியே பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறது.

மிச்சம் இருந்தது கிரைண்டர். கல்யாணச் சீராக வந்தது. ஒயரில் நான் சுற்றிய கறுப்பு டேப் அரை அடி நீளம். மாவு அரைக்கும்போது லேசாகக் கருகல் வாசனை வரும். ஏஜென்ட் குனிந்து பார்த்துவிட்டு இரண்டடி பின்னால் நகர்ந்தார். ஷார்ட் சர்க்யூட்டில் கிரைண்டர் எரிந்தால் கிரைண்டருக்குக் காசு இல்லை. அதிலிருந்து தீ பரவி சோபா எரிந்தால் சோபாவுக்கு உண்டு. எங்கள் வீட்டில் சோபா கிடையாது.

கடைசியில் பீரோ, கட்டில், பாத்திரம், துணிமணிக்கு ஒரு தொகை போட்டுக் கையெழுத்திட்டேன். பிரீமியத்தைக் கேட்டபோது கொஞ்சம் அவமானமாகத்தான் இருந்தது. என் சொத்து அவ்வளவு மலிவு.

கிளம்பும்போது அவர் சொன்னதுதான் உருப்படி. சிலிண்டர் விபத்துக்கு எண்ணெய் நிறுவனங்களே இன்ஷூரன்ஸ் எடுத்து வைத்திருக்கின்றன. நாம் தனியாக ஒன்றும் கட்ட வேண்டியதில்லை. உயிரிழப்புக்குத் தலா 6 லட்சம், பொருள் சேதத்துக்கு 2 லட்சம் வரை. ஆனால் பொருள் சேதத்துக்குக் காசு வர வேண்டுமானால், விபத்து நடந்த வீடும் கேஸ் கம்பெனியில் பதிவான விலாசமும் ஒன்றாக இருக்க வேண்டும். எங்கள் கேஸ் புத்தகத்தில் இருப்பது மாமனார் வீட்டு விலாசம்.

வீடு மாறிக்கொண்டே இருக்கும் குடித்தனக்காரர்களே, உங்கள் புத்தகத்தையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.