ஒரு படுக்கையறைக்கு 1.333 கார்

ஹூஸ்டனில் ஒற்றைப் படுக்கையறை ஃபிளாட்டுகள் கட்டுகிறவர், ஃபிளாட் ஒன்றுக்கு 1.333 கார் நிறுத்த இடம் விட வேண்டும். மாநகராட்சி விதியில் புள்ளிக்குப் பின் மூன்று இலக்கத்தோடு அப்படியே இருக்கிறது. இரண்டு படுக்கையறை என்றால் 1.666. அந்த .333 காரை யார் ஓட்டுவார்கள், அதற்கு ஸ்டியரிங் எந்தப் பக்கம் என்பதையெல்லாம் விதி விளக்கவில்லை. இத்தனைக்கும், இங்கே வீடு, அங்கே கடை என்று பிரித்து வைக்கும் மண்டலச் சட்டமே இல்லாத ஊர் என்று அமெரிக்கா முழுக்கப் பேர் வாங்கிய நகரம் அது. மனிதன் எங்கே வேண்டுமானாலும் குடியேறலாம். கார்தான் சட்டப்படி குடியேற வேண்டும். நகர மையம் போன்ற சில பகுதிகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. மற்ற இடங்களில் மதுபான பாருக்கும் பரப்பளவுக்கேற்ப பார்க்கிங் கட்டாயம். குடித்துவிட்டு வண்டி ஓட்டினால் கைது, வண்டி நிறுத்த இடமில்லாமல் பார் திறந்தால் உரிமம் கிடையாது. நடுவில் குடிமகன் என்னதான் செய்வான்?

இந்த ஊரின் மேற்கு ஓரத்தில், கேட்டி பக்கம், மகள் வீட்டில் ஆறு மாத விசாவில் வந்து தங்கியிருந்தார் மதுரைக் கட்டுரையாளர் ஒருவர். ஒருநாள் பேத்தி மடிக்கணினியோடு வந்து உட்கார்ந்தாள். குடும்பத்தின் கார்பன் தடத்தைக் கணக்கிட்டு வரச் சொல்லிப் பள்ளியில் வீட்டுப்பாடம். வீட்டில் எத்தனை கார், வாரம் எத்தனை மைல், கறி சாப்பிடுவீர்களா, விமானத்தில் எத்தனை முறை பறந்தீர்கள் என்று கேள்விகள் வரிசையாக வந்தன. கடைசிக் கேள்வியில் எல்லாருடைய பார்வையும் தாத்தா மேல் திரும்பியது. மெனக்கெட்டு மதுரையிலிருந்து பறந்து வந்த ஒரே ஆள் அவர்தான்.

"தாத்தா, நாம ரொம்ப மோசம்" என்று தீர்ப்பு வாசித்தாள் பேத்தி.

மோசம்தான். அமெரிக்கச் சூழல் பாதுகாப்பு முகமையின் கணக்குப்படி சராசரிக் கார் ஒன்று மைலுக்கு 400 கிராம், வருடத்துக்கு 4.6 டன் கரியமில வாயுவைக் கக்குகிறது. இந்தியாவில் ஆளொன்றுக்கு, எல்லாவற்றையும் சேர்த்தே, வருடத்துக்குச் சுமார் 2 டன். அதாவது மாப்பிள்ளையின் கார் ஒன்றே இரண்டு மதுரைக்காரர்களை முழுங்கி ஏப்பம் விட்டிருக்கிறது. அந்த வீட்டில் கார் இரண்டு.

அத்தனை கேட்ட கார்பன் தடக் கணிப்பான், வீட்டு வாசலில் நடைபாதை இருக்கிறதா, பஸ் வருகிறதா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கட்டுரையாளருக்கு இந்தக் கேள்வி முளைத்தது ஒரு கொத்தமல்லிக் கட்டால். மகள் வீட்டு மாடி ஜன்னலில் நின்றால் இந்திய மளிகைக்கடையின் பெயர்ப்பலகை தெரியும். "இந்தா இருக்கு கடை, நடந்துட்டு வந்திடுறேன்" என்று கிளம்பினார். "அப்பா, வேணாம், நான் சாயங்காலம் கொண்டுபோய் விடுறேன்" என்றாள் மகள். மதுரையில் மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றிச் சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி என்று நடந்தே வளர்ந்த கால், கேட்குமா? குடியிருப்புக்குள் அருமையான நடைபாதை. மழைத் தண்ணீரைத் தேக்கும் குளத்தைச் சுற்றி இன்னும் அருமையான நடைபாதை. குடியிருப்பு வாசலைத் தாண்டியதும் அது சொல்லாமல் கொள்ளாமல் புல்லில் முடிந்தது. புல்லுக்கு அப்பால் ஃபீடர் ரோடு, அதாவது ஃப்ரீவேயை ஒட்டி ஓடும் பக்கச் சாலை. அதைக் கடக்கக் கம்பத்தில் ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினார். வெள்ளை மனித உருவம் தோன்றி, இவர் பாதிச் சாலை போவதற்குள் சிவப்புக் கையாக மாறி எண்ணிக்கையைத் தொடங்கிவிட்டது. அக்கரையில் ஒரு பிக்கப் வண்டி ஓரம் கட்டியது. கண்ணாடியை இறக்கிய மனிதர், மிகுந்த கனிவோடு, "கார் எங்கே ரிப்பேராகி நிற்கிறது? உதவி வேண்டுமா?" என்று விசாரித்தார். அந்த ஊரில் சாலையோரம் நடப்பவனுக்கு வேறு காரணம் இருக்க முடியாது என்பது அவருடைய நம்பிக்கை. கடை வாசலை அடைந்த பிறகும் கடை வரவில்லை. வெயிலில் காயும் பார்க்கிங் மைதானம் குறுக்கே கிடந்தது. தெப்பக்குளத்தைத் தண்ணீர் இல்லாத கோடையில் குறுக்கே கடப்பது போன்ற நடை. உள்ளே போய் வாங்கிய கொத்தமல்லி வீடு திரும்பும்போது வதங்கியிருந்தது, வாங்கியவர் அதைவிட.

அப்புறம் அவரும் மற்ற பெற்றோர்களைப் போலக் குளத்தைச் சுற்றத் தொடங்கினார். புடவைக்குக் கீழே ஸ்போர்ட்ஸ் ஷூ போட்ட அம்மாக்களும், குரங்குக் குல்லா அப்பாக்களும் சாயங்காலம் அங்கே சுற்றி வருவார்கள். எங்கும் போய்ச் சேராத நடைக்கு மட்டும் ஊரில் தடையே இல்லை. சனிக்கிழமை என்றால் பெரிய பூங்காவுக்கு நடக்கப் போவார்கள், காரில்.

மீனாட்சியும் அங்கே இருக்கிறாள். ஹூஸ்டனுக்குத் தெற்கே பியர்லாண்டில், முறையான கோபுரத்தோடு. மதுரையில் அவளைச் சுற்றி வீதிகள், இங்கே பார்க்கிங். கேட்டியிலிருந்து போக வர 70 மைல் என்று வைத்தால் ஒரு அர்ச்சனைக்கு 28 கிலோ கரியமில வாயு. கற்பூரப் புகை தனி.

இந்தத் 'தடம்' கணக்கின் பூர்வீகத்தைப் பார்த்தால் இன்னும் சுவாரசியம். பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் வில்லியம் ரீஸ் 1992-இல் 'சூழல் தடம்' பற்றி எழுதியபோது அவர் விசாரணைக்கு நிறுத்தியது நகரங்களை. ஒரு நகரம் தன் எல்லைக்கு வெளியே எவ்வளவு நிலத்தைத் தின்று வாழ்கிறது என்பது அவருடைய கேள்வி. 2000-இல் 'பெட்ரோலியத்துக்கு அப்பால்' என்று முழக்கம் சூட்டிக்கொண்ட பிபி எண்ணெய் நிறுவனம், 2004-இல் ஆளாளுக்குக் கார்பன் தடம் பார்க்கும் கணிப்பானை இணையத்தில் வைத்து, விளம்பரமும் செய்தது. கூண்டிலிருந்து நகரம் இறங்கியது, குடும்பத் தலைவர் ஏறினார். அந்த நிறுவனத்தின் அமெரிக்கத் தலைமையகம் இருப்பது ஹூஸ்டனில், கேட்டி ஃப்ரீவேக்குப் பக்கத்தில். கதாசிரியர்கள்கூட இப்படி இடம் பார்த்து வைக்க மாட்டார்கள்.

கேட்டி ஃப்ரீவேயோ தனிப் புராணம். ஒட்டி ஓடிய பழைய ரயில்பாதையின் இடத்தை வாங்கி, தண்டவாளத்தைப் பெயர்த்து, சுமார் 280 கோடி டாலர் செலவில் 2008-இல் விரித்து முடித்தார்கள். மிக அகலமான இடத்தில் பக்கச் சாலைகளையும் சேர்த்து எண்ணினால் 26 தடம். நெரிசல் தீர்ந்ததா? 2011-க்கும் 2014-க்கும் இடையே மாலை நெரிசல் நேரப் பயணம் 55 சதவீதம் நீண்டது. சாலையை அகலமாக்கினால் அந்த அளவுக்கு வண்டியோட்டமும் கூடுகிறது என்று டுராண்டன், டர்னர் என்ற இரு பொருளியலாளர்கள் 2011-இல் அமெரிக்க நகரங்களின் கணக்கை வைத்தே காட்டியிருந்தார்கள். பந்தியில் இலை கூடப் போட்டால் ஆள் கூட வருவது கல்யாண வீட்டுச் சமையல்காரருக்கும் தெரியும்.

அட்லாண்டாவையும் பார்சிலோனாவையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர்கள் உண்டு. பெருநகரப் பகுதியாக எடுத்தால் மக்கள்தொகை ஏறக்குறைய ஒன்று. ஆனால் போக்குவரத்தால் ஆளொன்றுக்கு வெளியாகும் கரியமிலம் அட்லாண்டாவில் சுமார் பத்து மடங்கு. பார்சிலோனாக்காரர் தவசி அல்ல. நன்றாகச் சாப்பிட்டு, நடுராத்திரிவரை ஊர் சுற்றுகிறவர்தான். அவருடைய ரொட்டிக் கடை கீழ்த் தளத்தில் இருக்கிறது, அவ்வளவுதான். அட்லாண்டாக்காரர் பிளாஸ்டிக் உறிஞ்சுகுழலைத் துறந்து என்ன பிரயோசனம்?

டெக்சாஸிலும் காற்று கொஞ்சம் மாறித்தான் வீசுகிறது. ஹூஸ்டன் 2019-இல் மிட்டவுன், ஈடோ என்ற தன் இரு பகுதிகளில் கட்டாயப் பார்க்கிங்கைக் கைவிட்டது. ஆஸ்டின் 2023-இல் ஊர் முழுக்கவே அதை நீக்கியது. இதைப் படித்த கட்டுரையாளர், "அந்த ஊரை ஒரு எட்டுப் பார்க்கணும் மாப்பிள்ளை, ரயிலிலேயே போவோம்" என்றார். மாப்பிள்ளை ஃபோனைத் துழாவினார். ஹூஸ்டன் வழியாக 'சன்செட் லிமிடெட்' ரயில் வாரத்தில் மூன்று நாள் போகிறது. அது சான் அன்டோனியோ போகும், ஆஸ்டினுக்குப் போகாது.

"கார்லயே போயிடுவோம் மாமா, மூணு மணி நேரந்தான்."

போக வர 290 மைல், 116 கிலோ. பேத்தியின் வீட்டுப்பாடத்தை ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது என்பதால் அதை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை.